சாமிக்கு வைத்த கூறு

காட்டுப்பன்றி மனிதனைத் தின்பதில்லை. தொடையில் ஒரு கிழி கிழித்துவிட்டு அதுபாட்டுக்குத் தன் வழியே போய்விடும். மிச்சத்தை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

ரங்குசாமிக்கு அப்படித்தான் ஆனது. விடிந்தும் விடியாத நேரம், கடலைக்காட்டின் வடக்கு வரப்பு. கையில் ஒரு தகர டப்பாவும் குச்சியும் வைத்துத் தட்டிக்கொண்டே போனவன், சத்தத்துக்குப் பயப்படாத பன்றி ஒன்று உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். அண்ணன் சென்னியப்பன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது முழங்காலில் இருந்து இடுப்பு வரை சதை இரண்டாகப் பிளந்து கிடந்தது. தோளில் கிடந்த துண்டை மடித்து அழுத்தினார். துண்டு நனைந்தது. வேட்டியைக் கழற்றி அழுத்தினார். அதுவும் நனைந்தது. விரல் இடுக்குகளில் தம்பியின் ரத்தம் சூடாக வந்துகொண்டே இருந்தது. "அண்ணா, டப்பா எங்க உளுந்துச்சுன்னு பாரு" என்று கேட்டுவிட்டு ரங்குசாமி செத்துப்போனான்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் சென்னியப்பன் உயிரோடு இருந்தது பன்றிகளைக் கொல்வதற்காக மட்டும்தான். விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவரானது, உண்ணாவிரதம் இருந்தது, இரண்டு முறை கைதானது எல்லாம் அதற்காகத்தான். தம்பியின் மனைவி மயிலாத்தாளும் ஏழு வயது மகள் தாரணியும் இப்போது அவர் பொறுப்பு. அந்தக் குழந்தை கடலைக்காட்டைக் கண்டாலே காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

கரட்டுப்பாளையமும் சுற்றியுள்ள அடிவார ஊர்களும் அந்த வருடம் பாதிக்குப் பாதி தரிசாகக் கிடந்தன. மின்வேலி போட்டால் யானை செத்தது, சில சமயம் ஆளும் செத்தான், போட்டவன் உள்ளே போனான். வனத்துறையே பன்றிகளைச் சுடும் என்று ஆணை வந்தது. துப்பாக்கி வந்து சேர்வதற்குள் அறுவடையைப் பன்றிகள் முடித்துவிட்டு ஏப்பம் விட்டன. அப்போதுதான் அந்த மருந்து வந்தது. அரசாங்கம் அதற்கு 'வேலி' என்று பெயர் வைத்தது. காட்டுப்பன்றியைத் தவிர வேறு எதையும் கொல்லாத விஷம். அதை அனுமதிப்பதா வேண்டாமா என்று சட்டமன்றத்தில் அடித்துக்கொண்டார்கள். கடைசியில், ஜனங்களிடமே கேட்டுவிடுவோம் என்று எல்லாக் கட்சியும் சேர்ந்த ஒரு குழுவைக் கிளப்பி அனுப்பினார்கள்.

குழு கரட்டுப்பாளையம் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் எட்டு எம்.எல்.ஏ.க்கள். மருந்தைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த அருந்ததி என்ற பெண் மைக்கைப் பிடித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தன் மருந்தைப் பற்றிப் பெருமையாகப் பேசாமல் கவலையாகப் பேசியது அவள் ஒருத்திதான்.

"இதை ஒரு பூட்டுப் போட்ட பெட்டின்னு வெச்சுக்குங்க. உள்ளே விஷம் இருக்கு. மாடு தின்னாலும் மனுசன் தின்னாலும் பெட்டி பூட்டினபடியே வெளிய போயிடும். காட்டுப்பன்னி குடல்ல மட்டும் ஒரு நுண்ணுயிர் வாழுது. அதுகிட்டதான் சாவி இருக்கு. அது திறந்துவிட்டா ரத்தம் உறையாது. மூணு நாள்ல பன்னி செத்துடும். அதனால மருந்தைத் தனியா எங்கயும் வைக்க வேண்டாம். பயிர் மேலயே அடிச்சிடலாம்."

மலைத் தொகுதியில் இருந்து வந்திருந்த எஸ்தர் ஜெபமணி என்ற பெண் உறுப்பினர் குறுக்கிட்டார். "அந்தச் சாவி பன்னியை விட்டு வெளிய வரவே வராதா?"

"வரலாம் மேடம்." அருந்ததி தண்ணீர் குடித்தாள். "நல்லா வெந்த கறியில பிரச்சினை இல்ல. பன்னிக் குடலைக் கையால அலசறவங்க, ஈரலை அரைவேக்காட்டுல திங்கறவங்க, இவங்க வயித்துக்குள்ள அது குடியேறலாம். அப்புறம் அவங்களும் பன்னி மாதிரிதான். மருந்தடிச்ச ஒரு சோளக்கதிர் போதும். அதனாலதான் உங்க எல்லாரையும் கேக்கறேன். இந்தப் பக்கம் யாராவது காட்டுப்பன்னி திங்கறீங்களா?"

முன்வரிசையில் இருந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

திங்கிறீர்களா என்று கேட்கவும் வேண்டுமா? கரட்டுப்பாளையத்தில் அறுபத்துநான்கு வீடு. அவுட்டுக்காய் என்கிற, வெடிமருந்து அடைத்த இரையைக் கடித்துத் தாடை சிதறி விழுகிற பன்றியைக் காட்டுக்குள்ளேயே அறுத்து, தேக்கிலையில் அறுபத்தைந்து கூறு போடுவார்கள். எல்லாம் ஒரே அளவு. அறுபத்துநான்கு வீட்டுக்கு; இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்து வைக்கிற முதல் கூறு, காட்டோரத்தில் நிற்கும் வனத்தய்யன் கல்லுக்கு. ஈரலில் பாதியும் குடலில் ஒரு முழமும் அதில் இருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் இலை வெறுமையாகக் கிடக்கும். சாமி எடுத்துக்கொண்டது என்பார்கள். நரி என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. மீதி ஈரலை வைக்கோல் தீயில் வாட்டி, ரத்தம் ஊறட்டும் என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். குடல் அலசுவது மயிலாத்தாள். ரங்குசாமியைப் பன்றி கொன்ற பிறகு அந்த வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அலசும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

ஊருக்கே தெரிந்த இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்றால், மூன்றாவது வரிசையில் வனக்காவலர் மாதேஸ்வரன் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டுப்புத்தகம். கையில் மூடி திறந்த பேனா. காட்டுப்பன்றியை வேட்டையாடினால் வருடக்கணக்கில் சிறை. பதினோரு வருடமாக இந்தச் சரகத்தில் இருக்கிறவர், யாரிடமும் சிரித்துப் பேசாதவர், எதையாவது எழுதிக்கொண்டே இருப்பவர். நூற்றைம்பது ஜோடிக் கண்களும் அந்தப் பேனாவைப் பார்த்தன. பிறகு சென்னியப்பனைப் பார்த்தன.

சென்னியப்பன் எழுந்தார். ஆமாம் என்றால் மருந்து இந்த ஊருக்கு வராது. ஊரில் பாதிப்பேர் ஜெயிலுக்குப் போவார்கள். பன்றிகள் கொழுத்துக்கொண்டே இருக்கும். அவருக்குத் தம்பியின் தொடை ஞாபகம் வந்தது.

"எங்கூர்ல ஒருத்தரும் பன்னியைத் தொடறதுகூட இல்லீங்க. நாங்க ஆடு கோழி திங்கறவிய. காட்டுச்சீவனை அடிச்சுத் திங்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க."

"சத்தியமா?" என்றார் எஸ்தர்.

"செத்துப்போன எந்தம்பி மேல சத்தியமுங்க."

மாதேஸ்வரன் குனிந்து நோட்டில் ஏதோ எழுதினார். நல்லவேளை தப்பித்தோம் என்று மண்டபமே மூச்சு விட்டது.

எஸ்தர் விடவில்லை. "உங்க வலி எனக்குப் புரியுதுங்க. எங்க மலையிலயும் பன்னி குத்திச் செத்திருக்காங்க. ஆனா பன்னிக்கு வெக்கற விஷம் பன்னியோட நின்னதா நான் எங்கயும் கேள்விப்பட்டதில்ல. ஒரு வருசம் பொறுங்க. வேலிக்கு, நஷ்ட ஈட்டுக்கு நானே..."

அதற்குள் பின்வரிசையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்தது. அடுத்தடுத்து நான்கைந்து. சங்கத்து ஆட்கள் மேடையில் ஏறிவிட்டார்கள். எஸ்தரின் உதவியாளன் ஒருவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். அவன் பல்லிரண்டு சிமெண்டுத் தரையில் கிடந்ததைச் சென்னியப்பன் பார்த்தார். ஒரு நாற்காலியின் கால் எஸ்தரின் புருவத்தைக் கிழித்திருந்தது. வெள்ளைச் சேலையில் ரத்தம் இடுப்பு வரை இறங்கியது. அந்தம்மாள் கைக்குட்டையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, குறிப்பெடுப்பவரிடம் நிதானமாகச் சொன்னார். "இதையும் எழுதிக்குங்க. அவங்க செஞ்ச சத்தியத்தையும் எழுதிக்குங்க."

சென்னியப்பன் கையை உயர்த்தித் தடுத்திருக்கலாம். தடுத்தால் நின்றிருப்பார்கள். தடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து அருந்ததி அவருடைய தோட்டத்துக்கே வந்தாள். தோள்பையில் இருந்து சின்னச் சின்ன டப்பாக்களை எடுத்துக் கிணற்று மேட்டில் வரிசையாக வைத்தாள். இருபது.

"ஐயா, அன்னைக்குக் கூட்டத்துல கேட்டது தப்பு. ஃபாரஸ்ட் கார்டை உக்கார வெச்சுக்கிட்டு யாரு சொல்லுவா? எனக்குப் பேர் வேண்டாம், வீடு வேண்டாம். ஊர்ல ஒரு இருபது பேரோட மலம் மட்டும் போதும். சாவி இருந்தா தெரிஞ்சிடும்."

"இருந்தா என்ன பண்ணுவீங்க அம்மிணி?"

"ஒரு மாத்திரை இருக்கு. முதல் மாத்திரையிலயே அந்த நுண்ணுயிர் அடங்கிடும், பத்து நாள் குடுத்தா அடியோட போயிடும். அதுக்கப்புறம் மருந்தடிக்கலாம். ஒரு போகம் தள்ளிப் போகும். அவ்வளவுதான்."

ஒரு போகம். இவ்வளவு சுலபமாக இருந்தது அது. ஆனால் சென்னியப்பன் அந்த டப்பாக்களைப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது மாத்திரை அல்ல, சாட்சி. சர்க்காரிடம் நம் வயிற்றில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, அது கார்டு கையில் போய்ச் சேராது என்று எந்த நம்பிக்கையில் இருப்பது? அதோடு, வெந்தும் வேகாததுமாகத் தின்ற ஒரு துண்டு ஈரலில் இருந்து மனிதன் பன்றியாகிவிடுவான் என்பதை அவர் மனசு ஏற்கவும் இல்லை. படித்தவர்களுக்குப் பயம் கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கழிச்சு வாங்க அம்மிணி. நிரப்பி வெக்கறேன்."

இருபது டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு பைபாஸ் ஓரத்து நூற்பாலைக்குப் போனார். அங்கே வடக்கில் இருந்து வந்த தொழிலாளர்கள் கொட்டகைகளில் இருந்தார்கள். பன்றியின் வாலைக்கூடப் பார்த்தறியாதவர்கள். ஆரோக்கிய முகாம் என்று மேஸ்திரியை வைத்துச் சொல்ல வைத்தார். ஆளுக்கொரு சோப்புக் கட்டி. மறுநாள் காலையில் இருபதும் நிரம்பிவிட்டன. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் அவர் தலையைச் சுவரில் மோதிக்கொண்டார்.

அறிக்கை வந்தது. கரட்டுப்பாளையத்தில் ஒருவரிடமும் அந்த நுண்ணுயிர் இல்லை. ஊர்ப் பிரதிநிதி என்று சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு சட்டமன்றத்தில் பதினொரு வாக்கு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது. எஸ்தர் ஜெபமணி புருவத்தில் தையலோடு எதிர்த்துப் பேசியதை டீக்கடை டிவியில் பார்த்து ஊரே விசிலடித்தது.

முதல் மருந்தடிப்பு கரட்டுப்பாளையத்தில்தான். அமைச்சர் வந்தார். பயத்தைப் போக்குவதற்காக, முந்தின நாள் மருந்தடித்த சோளத்தில் நான்கு கதிரை ஒடித்து மேடையிலேயே சுடச் சொன்னார். அவர் ஒன்றைக் கடித்தார். கேமராக்கள் மின்னின. "எங்க சங்கத் தலைவர் வரட்டும்" என்று இன்னொன்றைச் சென்னியப்பனிடம் நீட்டினார்.

கதிர் சூடாக இருந்தது. கீழே ஊர் முழுக்க நின்றது. முன்னால் மயிலாத்தாள், அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தாரணி. சென்னியப்பனுக்கு மனசுக்குள் எங்கோ ஒரு மூலையில் அருந்ததியின் குரல் கேட்டது. படித்தவர்களின் பயம் என்று ஒதுக்கியது இப்போது அவரையே பிடித்துக்கொண்டது. ஒரு வாய் கடித்தார். மென்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முகத்தைத் துடைப்பதுபோலத் துண்டை எடுத்து, வாயில் இருந்ததை அதற்குள் துப்பிச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார்.

மாலையில் மயிலாத்தாளிடம் மட்டும் சொன்னார். "மருந்தடிச்ச காட்டுல ஒரு மாசத்துக்கு எதையும் பறிச்சுத் திங்க வேண்டாம் சாமி. புள்ளைக்கும் குடுக்காத."

"ஏனுங் மாமா?"

"சொன்னாக் கேளு."

ஏன் என்று சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாள்.

மூன்றாம் நாள் பன்றிகள் சாகத் தொடங்கின. காட்டுக்குள் போய்ச் சாகவில்லை. தாகம் தாங்காமல் ஊர்ப் பள்ளத்து ஓடைக்கு இறங்கி வந்தன. மூக்கிலும் கண்ணோரத்திலும் பின்புறத்திலும் ரத்தம் சொட்ட வந்தன. தண்ணீரில் முகத்தை வைத்துவிட்டு எடுக்க முடியாமல் அப்படியே சரிந்தன. பள்ளத்து நீர் சிவந்து, பிறகு கறுத்தது. முதல் நாள் இளவட்டங்கள் பட்டாசு வெடித்தார்கள். இழுத்துக்கொண்டு கிடந்த ஒரு ஆண்பன்றியை மண்வெட்டியால் கொத்தினார்கள். அதன் கோரைப்பல்லை உடைத்து எடுத்துவந்து சென்னியப்பன் காலடியில் வைத்தார்கள். இரண்டாவது நாள் வெடிச் சத்தம் இல்லை. செத்த தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்த வரிக்குட்டிகள் ஒவ்வொன்றாக வாயில் ரத்தம் கக்கிப் புரண்டன. அந்தக் குட்டிகளின் கத்தல் குழந்தை அழுவதுபோலவே இருந்தது. பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சென்னியப்பன் மட்டும் கரையில் நின்று பார்த்தார். மூன்று வருடமாகக் கேட்டது இதுதானே என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

எதிர்க்கரையில் வனக்காவலர் மாதேஸ்வரன் நின்று செத்தவற்றை எண்ணிக்கொண்டிருந்தார். மூக்கில் ஒரு கைக்குட்டையை அழுத்தியிருந்தார். நாற்றம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று சென்னியப்பன் நினைத்தார்.

மறுநாள் காலை தாரணி ஓடிவந்தாள். "பெரீப்பா, அம்மா தலகாணியெல்லாம் ரத்தமா இருக்குது." சொன்ன வாயிலேயே, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில், சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

மயிலாத்தாள் அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் அடைத்திருந்த சேலைத்தலைப்பு முழுக்க நனைந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் தின்று போட்ட சோளச் சக்கைகள் கிடந்தன.

"திங்க வேண்டாமுன்னு சொன்னேனே மயிலா."

"நீங்களே தின்னீங்களே மாமா, மேடையில" என்றாள் அவள். "நீங்க தின்னா நாங்க திங்கறதுக்கென்ன. புள்ள ஆசப்பட்டுக் கேட்டா."

பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் காரின் பின்சீட்டு ஊறிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன் அழுத்தியதுபோலவே சென்னியப்பன் துண்டை மடித்து அழுத்தினார். எங்கே அழுத்துவது? வாயிலா, மூக்கிலா, கண்ணோரத்திலா? எல்லா இடத்திலும் வந்தது. மயிலாத்தாள் மதியத்துக்குள் செத்துவிட்டாள். கடைசியில் அவள் கை தாரணியைத் தேடியது. தாரணியை அடுத்த வார்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

வார்டில் இருந்த இளம் டாக்டருக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அடிவாரத்தில் இருந்து மட்டும் இதோடு ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தார்.

"குழந்தை என்ன சாப்பிட்டா? வழக்கத்துக்கு மாறா ஏதாவது?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். வாய் தானாக மூடிக்கொண்டது.

பக்கத்துக் கட்டிலில் மாதேஸ்வரன் கிடந்தார். காக்கிச்சட்டையின் மார்பெல்லாம் ரத்தம். கண் சொருகியிருந்தது. அவர் மனைவி காலடியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த நோட்டுப்புத்தகம் துருத்திக்கொண்டிருந்த பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இவரும் அதேதான்" என்றார் டாக்டர். "என்ன சாப்பிட்டார்னு கேட்டா ஒண்ணும் தெரியலைங்கறாங்க."

"நாங்க சுத்த சைவமுங்க" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

தாரணி இருமினாள். தலையணையில் ரத்தம் தெறித்தது. "பெரீப்பா, பல்லு ஆடுது" என்றாள். அவளுக்கு அது பால்பல் ஆடுவதாகத் தோன்றியிருக்க வேண்டும். சென்னியப்பனால் அதற்கு மேல் முடியவில்லை.

"பன்னிங்க" என்றார். "நாங்க பன்னி திங்கறோமுங்க. ஊரே தின்னுது. இவ அம்மாதான் குடல் அலசுவா. புள்ளை ஈரல் திம்பா. அந்த மருந்துதானுங்க இது. அருந்ததி மேடத்துக்குப் போனு போடுங்க. மாத்திரை இருக்குதுன்னு சொன்னாங்க."

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். போனை எடுத்து வெளியே போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது முகம் கடுத்திருந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஐயா," என்றாள் அருந்ததி. "இருபது டப்பாவையும் நான்தானே சோதிச்சேன். ஒண்ணுல கூட இல்லையே."

"அது எங்கூரு டப்பா இல்லீங்க அம்மிணி. மில்லுக்காரப் பசங்களோடது. நாந்தான் மாத்திக் குடுத்தேன்."

டாக்டர் போனைக் கட்டில்மேல் வைத்தார்.

"சரி, நீங்களும் பன்னி திங்கறவர்தானே?" என்றார் டாக்டர். "அமைச்சர் பக்கத்துல நின்னு கதிர் தின்னதை டிவியில நானே பாத்தேன். உங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகல?"

"திங்கலீங்க. துண்டுல துப்பிப்போட்டேன்."

டாக்டர் கண்களை மூடித் திறந்தார். "கூட்டத்துல தம்பி மேல சத்தியம் பண்ணுனீங்கன்னு மேடம் சொன்னாங்க, பொய். டப்பா பொய். கதிர் பொய். இப்ப இது மட்டும் நெசம்னு நான் எப்படி எடுத்துக்கறது? அந்த மாத்திரை சாதாரணப்பட்டது இல்லைங்க. இது விஷமா இல்லாம ரத்தக்கசிவுக் காய்ச்சலா இருந்து, அதைக் குடுத்தேன்னா, சாயங்காலத்துக்குள்ள கிட்னி போயிடும். சின்ன உடம்பு. சோதனை பண்ணித் தெரிஞ்சுக்க ரெண்டு நாள் ஆகும்."

"ரெண்டு நாள் தாங்குவாளாங்க?"

டாக்டர் குழந்தையின் கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"ஊர்ல யாரை வேணுமின்னாலும் கேளுங்க."

"கேக்காம இருப்பனா? நாலு குடும்பத்தைக் கேட்டுட்டேன். ஒருத்தர் பாக்கியில்லாம, நாங்க பன்னியைத் தொடறதில்லைன்னுதான் சொல்றாங்க. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே."

சென்னியப்பன் அவர் காலைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் தலைவராக இருந்த மனிதர், பேசினால் சங்கத்தின் முப்பத்தேழு ஊரும் கேட்ட மனிதர். இன்றைக்கு அவர் சொன்ன ஒரே ஒரு உண்மைக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை.

அப்போது மாதேஸ்வரனின் மனைவி எழுந்தாள். பையில் இருந்து நோட்டுப்புத்தகத்தை உருவினாள். கணவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டரிடம் நீட்டினாள்.

"வேலை போயிரும், பென்சன் போயிரும், யாருகிட்டயும் காட்டாதேன்னு சொல்லியிருக்காருங்க. அந்தப் புள்ள இருமறது கேக்க முடியல. மருந்தடிச்ச சோளம் இவரு மட்டும்தான் தின்னாரு. நாங்க சைவமில்லீங்க."

டாக்டர் புரட்டினார். சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். வழக்குப் போட வேண்டியவர்களின் பெயர்கள் என்று ஊரே பதினோரு வருடம் பயந்த அந்த நோட்டில் ஒரு பெயரும் இல்லை. பறவைகளின் பெயர்கள் இருந்தன. மழை பெய்த நாட்கள் இருந்தன. யானைத் தடம் இருந்தது. நடுநடுவே இப்படி:

"கல்லு மேல இன்னைக்கும் இலை இருந்தது. ஈரல், குடல். வீட்டுக்குக் கொண்டுபோய் நானே அலசினேன். புடிக்கணும்னுதான் போனேன். புடிச்சா ஊர்ல பாதி உள்ள போகும். எடுத்துத் தின்னுட்டா நானும் அவங்கள்ல ஒருத்தன். பிரச்சினை இல்லை."

சாமி எடுத்துக்கொண்டது என்று ஊர் சொன்ன கூறெல்லாம் அந்தக் கட்டிலில் கிடந்த மனிதனின் வயிற்றுக்குள்தான் போயிருந்தது.

டாக்டர் போனில் அருந்ததியிடம் இரண்டே வார்த்தை பேசினார். நர்ஸ் மருந்தறைக்கு ஓடினாள். தாரணிக்கு முதல் மாத்திரையைப் பொடித்துக் குழாய் வழியாக இறக்கினார்கள். மாதேஸ்வரனுக்கும் கொடுத்தார்கள். அவருக்கு நேரம் கடந்துவிட்டிருந்தது.

பின்னால் நடந்தது பேப்பரில் வந்ததுதான். கரட்டுப்பாளையத்தில் ஒன்பது பேர், சுற்று ஊர்களில் இன்னும் பதினான்கு பேர். சென்னியப்பனைக் கைது செய்தார்கள். சட்டம் ரத்தாகவில்லை. ஒரு பிரிவு மட்டும் புதிதாகச் சேர்ந்தது. இனி மருந்தடிக்கும் ஊரில் ஒவ்வொரு குடும்பமும், நாங்கள் காட்டுப்பன்றி தின்பதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த ஊரில் எல்லோரும் போட்டார்கள். வனக்காவலர் முன்னிலையில்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் சாயங்காலம் நான்கு மணிக்குத் தாரணியின் ஈறில் ரத்தம் காய்ந்தது. இருமல் நின்றது. தூங்கிப்போனாள். பக்கத்துக் கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. மாதேஸ்வரனின் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். வீடுவீடாகப் போய் மாத்திரை கொடுக்க யார் யார் தின்றவர்கள் என்று பெயர் எழுதித் தரச் சொல்லி, டாக்டர் அந்த நோட்டையே சென்னியப்பனிடம் கொடுத்திருந்தார்.

வெற்றுத் தாளைத் தேடிப் புரட்டியபோது மண்டபத்தில் கூட்டம் நடந்த நாளின் பக்கம் வந்தது. தன் சத்தியத்தைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் குனிந்து எழுதியது என்னவென்று சென்னியப்பன் அப்போதுதான் படித்தார்.

"யாராவது ஒருத்தர் எந்திரிச்சு ஆமான்னு சொன்னா, நானும் எந்திரிச்சுச் சொல்லிடலாம்னு பேனாவை மூடாம உக்காந்திருந்தேன். சென்னியப்பன் எந்திரிச்சார். சந்தோஷப்பட்டேன். இல்லைன்னுட்டார்."

சென்னியப்பன் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். முதல் பெயராகத் தன்னுடையதை எழுதினார்.